பெயர் சொல்லிகள்: ஒரு சொல்லும் ஒரு கரையும்

ஆங்கில அகராதிகளின் மூலையிலே அருகிக் கிடக்கும் சொற்களுள் ‘நோமென்கிளேட்டர்’ என்பதும் ஒன்று. மாணவர் கையாளும் சிறிய அகராதிகளில் அதனைக் காண்பது அரிது. பெரிய அகராதிகளிலே தேடினால், பொருள்களுக்குப் பெயர் சூட்டி வகைப்படுத்துவோன் என்றும், பெயர்களைத் திரட்டிப் பட்டியல் ஆக்குவோன் என்றும் விளக்கம் கிடைக்கும். அப்பட்டியலையே, அதாவது நூலையே, அச்சொல் குறிப்பதும் உண்டு. இன்று வழக்கொழிந்துபோன நிலையிலுள்ள இச்சொல்லை நாம் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் சொல்லாராய்ச்சி விருப்பம் மட்டுமன்று. பட்டியல் எழுதுவோரின் கையிலே அல்லலுற்ற ஒரு கரையின் வரலாறு இச்சொல்லின் வரலாற்றோடு வைத்துப் பார்க்கத் தக்கதாக இருக்கின்றது. இலங்கையின் தென்கிழக்கிலே, பெரியநீலாவணையிலிருந்து பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் அம்பாறைக் கரையையே குறிப்பிடுகின்றோம்.

முதலிலே சொல். ‘நோமென்’ என்பது இலத்தீன் மொழியிலே பெயர். ‘கலாரே’ என்பது கூவி அழைத்தல். எனவே பெயரைக் கூவுவோன், பெயர் சொல்லி, என்பதே நோமென்கிளேட்டர் என்பதன் நேர்ப்பொருள். நாம் சுவரிலே மாட்டும் கலண்டரும் இந்தக் ‘கலாரே’ என்னும் வேரிலிருந்து கிளைத்ததே. உரோமாபுரியிலே மாதத்தின் முதல்நாள் கூவி அறிவிக்கப்பட்டது. அந்நாளிலே கடன்களுக்கு வட்டி செலுத்த வேண்டியிருந்தது. வட்டிக்காரனின் கணக்கேட்டுக்கே ‘கலண்டேரியம்’ என்று பெயர். நாட்காட்டி அதன்பின் வந்தது. கடன்பட்டோரின் பட்டியல் மூத்த பிள்ளை, நாட்களின் பட்டியல் இளைய பிள்ளை.

உரோமாபுரியில் நோமென்கிளேட்டர் என்பவன் பெரும்பாலும் ஓர் அடிமை. பிரபு வீதியிலே நடந்து செல்லும்போது பின்னால் நின்று, எதிரே வருகின்றவனின் பெயரைக் காதோடு காதாகச் சொல்லுவதே அவன் தொழில். தேர்தற் காலத்திலே அத்தொழிலுக்கு மதிப்பு மிகுந்தது. வாக்குக் கேட்கும் கனவான் யாரென்றே தெரியாத ஒரு தோல் பதனிடுவோனைக் கைபிடித்து, நெடுநாட் பழகியவன்போலப் பெயர் சொல்லி அழைப்பான். அழைக்கப்பட்டவனும் மனங்குளிர்வான். அடிமையின் நினைவாற்றல் எசமானின் நட்புணர்வாக வேடம் பூண்டு உலாவிற்று. இந்த ஏமாற்றைத் தடுக்க வேட்பாளர்கள் பெயர் சொல்லிகளை உடன்கொண்டு செல்லலாகாது என்று சட்டமும் செய்யப்பட்டது. அச்சட்டத்திற்குக் கீழ்ப்படிந்தவன் இளைய கேட்டோ ஒருவன்தான் என்று புளூட்டாக் எழுதுகின்றார். கி.மு. 63ஆம் ஆண்டிலே ஒரு வழக்குரையில் சிசெரோவோ, அதே கேட்டோ பெயர் சொல்லி ஒருவனை வைத்திருப்பதைச் சுட்டிக்காட்டி நையாண்டி செய்கின்றார். வரலாற்றாசிரியரை நம்புவதா, வழக்கறிஞரை நம்புவதா என்பதை வாசகருக்கே விட்டுவிடுகின்றோம்.

பின்னர் அடிமை மறைந்தான், சொல் நிலைத்தது. 1567ஆம் ஆண்டிலே ஒல்லாந்து அறிஞரான ஹட்ரியானுஸ் யூனியுஸ் பல மொழிகளில் பொருட்பெயர்களைத் தொகுத்து வெளியிட்ட நூலுக்கு ‘நோமென்கிளேட்டர்’ என்றே பெயரிட்டார். 1585இலே அஃது ஆங்கிலத்திற்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே லூயி அகாசி என்னும் விலங்கியலறிஞர் விலங்கினப் பெயர்களையெல்லாம் அடுக்கி வெளியிட்ட பெருநூலும் இப்பெயரையே தாங்கிற்று. எசமானின் காதிலே முணுமுணுத்தவன் இவ்வாறு இயற்கைக்கே பெயரிடும் புலவனாக உயர்ந்தான். இன்னொரு கிளையும் உண்டு. அதனைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சோவியத்து நாட்டிலே கட்சியின் ஒப்புதலோடு மட்டுமே நிரப்பப்படவேண்டிய பதவிகளின் பட்டியலுக்கு ‘நொமென்கிளத்தூரா’ என்று பெயர் இருந்தது. நாளடைவில் அப்பட்டியலில் இடம்பெற்ற மனிதர்களுக்கே அது பெயராயிற்று. உழைப்பாளர் பெயரால் எழுந்த அரசிலும் பட்டியலுக்குள் இருப்போர், பட்டியலுக்கு வெளியே நிற்போர் என்னும் பிரிவினை தோன்றியதென்பதை மார்க்சியம் பேசும் நாம் மறைத்துப் பயனில்லை.

தமிழிலே பெயர் சொல்லிகள் இல்லையா? நிறையவே இருந்தனர். சேந்தன் திவாகரம், பிங்கலம், மண்டலபுருடரின் சூடாமணி என்னும் நிகண்டுகள் யாவும் பெயர்ப் பட்டியல்களே. திண்ணைப் பள்ளிக்கூடங்களிலே பிள்ளைகள் அவற்றை நெட்டுருச் செய்தனர். தேவப் பெயர்த் தொகுதி முதலில், மக்கட் பெயர்த் தொகுதி அடுத்து, விலங்கும் மரமும் அதன்பின் என்று அவற்றுட் சில அமைந்திருக்கும் ஒழுங்கைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். மக்களுக்குள்ளேயும் முனிவரும் அந்தணரும் அரசரும் முன்னே நிற்பர், உழைப்போர் பின்னே நிற்பர். யாரை முதலில் எழுதுவது என்று தீர்மானிக்கும்போதே, உலகம் எவ்வாறு அமைந்திருக்கின்றது என்று தாம் நம்புவதை எழுதுவோர் சொல்லிவிடுகின்றனர்.

நன்னூல் உரையிலே எடுத்துக்காட்டப்படும் பழைய செய்யுள் ஒன்று, தமிழ்நிலத்தைச் சூழ்ந்த பிற நிலங்களை அடுக்கிச் சொல்கின்றது. சிங்களம் அங்கே இருக்கின்றது. சோனகமும் இருக்கின்றது. ‘யவன’ என்பது ‘யோனக’ என்றாகி, அதுவே ‘சோனக’ என்று திரிந்தது என்று அறிஞர் கொள்வர். யவனமாவது கிரேக்கரின் அயோனியா. மேற்றிசைக் கடலிலிருந்து வந்த கிரேக்கரைக் குறித்த சொல், அதே கடல்வழி வந்த அரபியரையும், பின்னர் அவர் வழியினரென்றும் அவர் சமயத்தினரென்றும் கருதப்பட்டோரையும் குறிக்கலாயிற்று. இதற்கு மாறாக, பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர், தமது நாட்டிலே தாம் போரிட்ட வட ஆபிரிக்க முஸ்லிம்களின் பெயரையே இங்கும் சூட்டினர். ‘மோரோ’ என்றனர். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதனைக் கைவிடாது காத்தனர். ஆகவே கல்முனைக்குடியிலே கரைவலை இழுக்கும் ஒருவர் ஆங்கிலப் பத்திரத்திலே மொரோக்கோக்காரராகவும், தமிழ்ப் பத்திரத்திலே அயோனியராகவும் எழுதப்படுகின்றார். அவரது தாய்மொழி தமிழ். அவருடைய வீடோ அவருக்குரியதன்று, மனைவிக்குரியது. இந்தச் செய்தி பின்னாலே மிக முக்கியமாகும்.

பறங்கியரிடமிருந்து நமக்குக் கிடைத்த இன்னொரு சொல் ‘தோம்பு’. காணிகளையும் ஆட்களையும் பதிந்த ஏடு அது. லிசுபனிலுள்ள போர்த்துக்கேய அரசாங்க ஆவணக் காப்பகத்தை இன்றும் ‘தோம்புக் கோபுரம்’ என்னும் பொருள்பட ‘தோரே தோ தொம்போ’ என்றே அழைக்கின்றனர். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்திலும் மேற்குக் கரையிலும் காணித் தோம்பு, தலைத் தோம்பு என இருவகை ஏடுகளை எழுதுவித்தனர். எதற்காக? வரிக்காகவும் ஊழியத்திற்காகவும். தன் பெயர் தோம்பிலே ஏறுவதை எந்தக் குடியானவனும் பெருமையாகக் கருதியிருக்க மாட்டான்.

ஆங்கிலேயர் காலத்து மட்டக்களப்பு மாவட்டத்திலே கரைவாகுப்பற்று, சம்மாந்துறைப்பற்று, நிந்தவூர்ப்பற்று, அக்கரைப்பற்று, பாணமைப்பற்று என்று பிரிவுகள் அமைந்திருந்தன. பற்றுக்கு வன்னியனார், ஊருக்கு விதானையார், வயல்வெளிக்கு வட்டவிதானை. கச்சேரிக்கு வேண்டிய பெயர்களையெல்லாம் எழுதிக் கொடுத்தவர்கள் இவர்களே. இப்பதவிகளிலே அமர்ந்தோர் பெரும்பாலும் காணியுடைய போடியார் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பது வியப்பன்று. விதானை முறை 1963ஆம் ஆண்டிலே ஒழிக்கப்பட்டுக் கிராம சேவகர் வந்தார். ஆள் மாறினார், இடாப்பு மாறவில்லை.

இந்த விதானையார்களின் துணையோடுதான் 1871ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள் தீவு முழுவதற்குமான முதலாவது முறையான குடிசன மதிப்பு நடைபெற்றது. அதன்பின் பத்தாண்டுக்கொருமுறை அது வந்தது. 1901ஆம் ஆண்டு மதிப்புக்குப் பொறுப்பாயிருந்தவர் பொன்னம்பலம் அருணாசலம். 1911ஆம் ஆண்டு மதிப்பிலே இலங்கைச் சோனகரும் இந்தியச் சோனகரும் தனித்தனியே எண்ணப்பட்டனர். எண்ணுவதற்காக வகுத்த பத்திகள், எண்ணப்பட்டோரின் மனத்துக்குள்ளும் வேலியாகப் புகுந்தன. சட்டநிரூபண சபையிலே ஆசனங்கள் இனவாரியாக வழங்கப்பட்டபோது, எந்தப் பத்தியிலே எத்தனை தலைகள் என்பது அரசியற் கணக்காயிற்று.

இங்கே பலரும் அறிந்த ஒரு வாதத்தைக் குறிப்பிடல் வேண்டும். பொன்னம்பலம் இராமநாதன் கொழும்பிலே ரோயல் ஆசியச் சங்கத்தின் முன்னிலையில், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே, சமயத்தால் மட்டுமே வேறானவர் என்று வாதிட்டார். அக்கட்டுரை 1888இலே அச்சாயிற்று. சோனகருக்குத் தனியாசனம் வேண்டுமா என்ற வினா எழுந்திருந்த காலம் அது. 1889இலே எம். சி. அப்துல் ரகுமான் அவ்வாசனத்தைப் பெற்றார். ஐ. எல். எம். அப்துல் அசீசு 1907ஆம் ஆண்டிலே மறுப்பு நூல் எழுதி, சோனகர் அரபு வழித்தோன்றல்களே என்று நிறுவ முயன்றார். இருவரும் கல்விமான்கள். இருவரும் சான்றுகளை அடுக்கினர். ஆனால் இருவரும் கொழும்பிலிருந்து எழுதியவர்கள். தீவின் முஸ்லிம்களுள் பெருந்தொகையினர் நெல்வயலிலும் கடற்கரையிலும் வாழ்ந்த கிழக்கை, அவர்களது வாதம் அளவுகோலாகக் கொள்ளவில்லை.

கொண்டிருந்தால் என்ன கண்டிருப்பார்கள்? கிழக்கின் முஸ்லிம்களிடையே ‘குடி’ என்னும் அமைப்பு உண்டு. அது தாய்வழியாக வருவது. பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் மணஞ்செய்வது விலக்கு. அயலிலுள்ள தமிழரிடையேயும் இதே அமைப்புக் காணப்படுகின்றது. கோயிலிலே வண்ணக்கர் குடிக்காகப் பொறுப்பேற்பது போலப் பள்ளிவாசலிலே மரைக்காயர் தம் குடியின் சார்பாக அமர்ந்தார், அப்பதவி மாமனிடமிருந்து மருமகனுக்கு இறங்கிற்று. முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த போரிலே பட்டாணியர் முக்குவர் பக்கம் நின்று, பெண்கொண்டு குடியமர்ந்தனர் என்னும் மரபுக்கதையை இருசாராரும் சொல்வர். எவ். எக்சு. சி. நடராசா 1962இலே பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ குடிகளையும் அவற்றின் உரிமை வரிசைகளையும் விரிவாகப் பேசுகின்றது. தமிழரா அரபியரா என்னும் கொழும்பு வினாவுக்கு, ‘உன் தாய் எந்தக் குடி?’ என்று இக்கரை மறுவினா கேட்டிருக்கும். அந்த வினாவுக்குக் குடிசன மதிப்புப் படிவத்திலே பத்தியே இல்லை.

மரைக்காயர் முறையை நாம் போற்றிப் பாடவில்லை. அங்கேயும் ஆண்களே அமர்ந்தனர், பெருங்குடிகளின் சொல்லே எடுபட்டது. 1956ஆம் ஆண்டின் வக்பு சட்டம் பள்ளிவாசல்களைப் பதிந்து, நம்பிக்கைப் பொறுப்பாளரை நியமிக்க வழிசெய்த பின் அம்முறை பல ஊர்களிலே தளர்ந்தது. எனினும் குடியின் அடியிலே இருந்த பொருளியல் தளரவில்லை. அதுதான் வீடு.

இக்கரையிலே மகளுக்கு மணஞ்செய்து கொடுப்பதென்றால் வீடு கொடுப்பதென்றே பொருள். உறுதி மகளின் பெயரில் எழுதப்படும். மாப்பிள்ளை அங்கே வந்து சேர்வார். மூத்த மகளுக்குத் தாம் வாழ்ந்த வீட்டையே கொடுத்துவிட்டுப் பெற்றோர் இளைய பிள்ளைகளோடு வேறு கூரைக்கு இடம்பெயர்தலும் உண்டு. இதனால் ஏழைத் தந்தையர் முதுகு ஒடிந்ததும், மருமகன் வீட்டார் பேரம் பேசியதும் உண்மை. சீதனக் கொடுமையை நாம் எக்காலத்தும் கண்டித்தே வந்துள்ளோம். ஆனால் ஒன்றை மறத்தல் ஆகாது. கணவன் கைவிட்டாலும் விவாகரத்துச் செய்தாலும் வீட்டை விட்டு வெளியேற வேண்டியவர் அவரே, அவள் அல்லள். காரைதீவுத் தமிழ்ப் பெண்ணுக்கும் சாய்ந்தமருது முஸ்லிம் பெண்ணுக்கும் பொதுவாயிருந்த பாதுகாப்பு இது.

இடையிலே நிகழ்ந்தவற்றை விரைந்து சொல்லிக் கடப்போம். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே, 1942இல், ஏ. எம். ஏ. அசீசு கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்து உணவு உற்பத்தி வேலைகளை நடத்தினார். பங்கீட்டுக் கூப்பன் நாடெங்கும் வந்ததும் அக்காலத்திலேதான். கூப்பன், 1979இலே உணவு முத்திரையாயிற்று. 1995இலே சமுர்த்தியாயிற்று. 2023இலே அஸ்வெசும ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும் புதிய பட்டியல், ஒவ்வொரு பட்டியலுக்கும் விடுபட்டோரின் வரிசை. அஸ்வெசுமப் பட்டியல் வெளியானதும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்ததை ஆசிரிய நண்பர்கள் நேரிலே கண்டிருப்பர். 1958ஆம் ஆண்டிலே பிலிப் குணவர்த்தனா கொண்டுவந்த நெற்காணிச் சட்டமும் ஒரு பதிவேட்டையே உயிர்நாடியாகக் கொண்டிருந்தது. ஏட்டிலே பெயர் ஏறினால் குத்தகையாளனுக்கு உரிமை, ஏறாவிடின் வெளியேற்றம். கிழக்கின் முல்லைக்காரனும் வயற்காரனும் குத்தகையாளரா, கூலியாளரா? அப்பெயர்கள் சட்டத்தின் பத்திக்குள் எளிதில் அடங்குவன அல்ல. போடியார்மாருக்கு அது வாய்ப்பாயிருந்தது. கல்லோயாத் திட்டம் 1949இலே தொடங்கி உட்புறத்திலே குடியேற்றங்கள் எழுந்தன. 1961இலே மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. 2012ஆம் ஆண்டு மதிப்பின்படி அம்மாவட்டத்து மக்களுள் நூற்றுக்கு 43 பேரளவில் இலங்கைச் சோனகர், ஏறத்தாழ 39 பேர் சிங்களவர், 17 பேர் தமிழர். இந்த மூன்று எண்களை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் கடல் ஊருக்குள் புகுந்தது. இலங்கையிலே மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, மாளிகைக்காடு என்று இடைவெளியின்றித் தொடரும் ஊர்கள் அவை. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே ஒரு வீதி, வீதிக்கு இருபுறமும் மதிலோடு மதில் ஒட்டிய வீடுகள். இலங்கையிலே சன நெருக்கம் மிகுந்த பகுதிகளுள் ஒன்று. பெயர் எழுதுவதற்கு முன்னரே பிணங்கள் அடக்கம் செய்யப்பட்டன. பள்ளிவாசல்களும் கோயில்களும் பாடசாலைகளும் அகதி முகாம்களாயின.

அதன்பின் பட்டியல்கள் வந்தன. மாண்டோர் பட்டியல், காணாமற்போனோர் பட்டியல், முழுதும் இடிந்த வீடுகள், பகுதி இடிந்த வீடுகள், வள்ளம் இழந்தோர், வலை இழந்தோர், தையல் இயந்திரம் இழந்தோர். தொகைமதிப்புத் திணைக்களம் தனியொரு கணக்கெடுப்பையே நடத்திற்று. கிராம சேவகர் எழுதியது ஒன்று, தொண்டு நிறுவனம் எழுதியது வேறொன்று, பள்ளிவாசல் எழுதியது மற்றொன்று. வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீண்டும் வீடு கட்டலாகாது என்று அரசாங்கம் அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் அத்தடை 100 மீற்றராகவே இருந்தது. வயலுக்கும் கடலுக்கும் இடையிலே ஒடுங்கிக் கிடந்த ஊர்களிலே 200 மீற்றர் என்பது தெருத்தெருவாக விழுங்கிவிடும் தொலைவு. பின்னர் அத்தடை தளர்த்தப்பட்டது. ஆயின் அதற்குள் பலர் ‘மீளக் குடியமர்த்தப்பட வேண்டியோர்’ என்னும் பட்டியலுக்குச் சென்றுவிட்டனர். 2005 யூன் மாதத்திலே அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் நிவாரணப் பங்கீட்டுக்கு ஓர் உடன்படிக்கை செய்தபோது, அலையால் பெரிதும் அழிந்த முஸ்லிம் மக்களின் பிரதிநிதிகள் கையொப்பமிடும் தரப்பினருள் இடம்பெறவில்லை. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை நிறுத்திவைத்தது.

வீட்டுப் பட்டியலிலே ஒரு பத்தி இருந்தது. ‘குடும்பத் தலைவர்’ என்று அதற்குத் தலைப்பு. எழுத வந்தவர் வாசலிலே நின்று கேட்டார். கணவனின் பெயர் சொல்லப்பட்டது. எழுதப்பட்டது. அவ்வளவுதான். சதிசெய்தோர் எவருமிலர். எழுதியவரே அக்கரையின் பிள்ளையாக இருக்கலாம், தன் மனைவியின் சீதன வீட்டிலே உறங்கி எழுந்து வந்தவராக இருக்கலாம். ஆனால் பத்தி அவருடையதன்று. கொழும்பிலே அச்சான படிவத்திலே, ‘இவ்வீட்டின் உறுதி யார் பெயரில் இருந்தது?’ என்னும் வினாவுக்கு முதலிடம் தரப்படவில்லை. தாயிடமிருந்து மகளுக்கு எத்தனையோ தலைமுறையாக இறங்கிவந்த வீட்டைக் கடல் கொண்டுபோயிற்று. அதற்கு ஈடாகக் கட்டிய வீட்டின் பத்திரத்தை அரசாங்கம் பல இடங்களிலே கணவனிடம் கொடுத்தது. பெண்கள் அமைப்புகள் இதனை அப்பொழுதே எடுத்துக்காட்டின. கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதுங்கள் என்று கேட்டன. அரச காணிக்கு அவ்வாறு கூட்டுரிமை வழங்கச் சட்டத்திலே இடமில்லை என்று அலுவலர் சொல்லினர்.

பெயர் சொல்லியைப் பற்றிச் சொன்னதை இங்கே ஒருமுறை நினைவுகூரலாம். பிரபுவுக்கு வேண்டிய பெயரை மட்டுமே அவன் சொன்னான். எதிரே வருபவனின் பின்னால் வரும் பெண்ணின் பெயர் அவனுக்குத் தெரிந்திருக்கலாம். அவளுக்கு வாக்கில்லை. ஆதலால் அப்பெயருக்கு வேலையுமில்லை.

அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையிலே இன்னொரு பட்டியல் வேறுவகையில் சிக்குண்டது. வீடிழந்தோருக்கென்று சவூதி அரேபிய உதவியோடு அங்கே 500 வீடுகள் கட்டப்பட்டன. பயனாளிகளின் பட்டியலிலே பெரும்பாலோர் முஸ்லிம்கள், ஏனெனில் அப்பகுதியிலே வீடிழந்தோர் பெரும்பாலும் அவர்களே. தீகவாபி விகாரைக்குரிய நிலத்திலே ஒரே இனத்தாரைக் குடியேற்றுகின்றனர் என்று எதிர்ப்பு எழுந்து, வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. வீடுகளை இனவிகிதாசாரப்படி பகிர்ந்தளிக்க வேண்டும் என்பது முடிவாயிற்று. மேலே சொன்ன மூன்று எண்கள் போன்ற எண்கள் திடீரென உயிர்பெற்றன. அரச காணி எந்த ஓரினத்துக்கும் தனியுரிமையாகலாகாது என்னும் கொள்கையை நாம் இகழவில்லை. அதனை உரத்துச் சொல்ல வேண்டிய வேறு இடங்கள் கல்லோயாவின் மேற்புறத்திலே உண்டு என்பதை மட்டும் கூறுவோம். ஆனால் கடல் விகிதாசாரம் பார்த்து வீடுகளை இடிக்கவில்லை. ‘வீடிழந்தோர்’ என்னும் பட்டியலை அகற்றிவிட்டு ‘இனங்கள்’ என்னும் பட்டியலை அவ்விடத்திலே வைத்தபோது, வீடிழந்தவர்கள் தகரக் கொட்டிலிலேயே இருந்தனர். கட்டிமுடித்த வீடுகள் ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்தன. கூரையிலே செடி முளைத்தது. கதவுகளும் சன்னல்களும் களவு போயின.

எந்தப் பட்டியலும் வேண்டாம் என்று சொல்வோரும் உளர். நாம் அப்படிச் சொல்லவில்லை. பட்டியலில் இல்லாத ஏழைக்கு அரிசியும் இல்லை, பாடசாலை அனுமதியும் இல்லை, வாக்கும் இல்லை. 1931ஆம் ஆண்டிலே சர்வசன வாக்குரிமை வந்தபோது, படித்தவரும் சொத்துள்ளவரும் மட்டுமே இருந்த தேருநர் இடாப்பிலே வயற்காரனும் அவன் மனைவியும் ஏறினர். அது பெரிய வெற்றி. இலக்கியத் துறையிலும் அப்படியே. பேராசிரியர் ம. மு. உவைசு 1953இலே தமிழிலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டு பற்றி ஆங்கிலத்திலே நூல் வெளியிட்டு, பின்னர் வாழ்நாளெல்லாம் இஸ்லாமியத் தமிழ் நூல்களைத் தேடிப் பெயர் எழுதினார். என். செல்வராசாவின் ‘நூல்தேட்டம்’ தொகுதி தொகுதியாக ஈழத்து நூல்களைப் பதிகின்றது. 1981ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண நூலகம் எரிந்த பின், எரிந்தவை எவையெனச் சொல்வதற்கே ஒரு பட்டியல் தேவைப்பட்டது. இவர்களும் பெயர் சொல்லிகளே. எசமான் இல்லாத பெயர் சொல்லிகள் என்பதே வேறுபாடு. இவர்களுக்குப் பத்திகளை வேறெவரும் அச்சிட்டுக் கொடுக்கவில்லை. நூல் கையிலே கிடைத்தபின் பத்தி வகுத்தனர்.

ஆசிரியர்களாகிய நம் வாசகருக்கு இச்செய்தியிலே தனிப்பங்கு உண்டு. காலையிலே இடாப்பு எடுத்துப் பெயர் கூப்பிடுவோர் அவர்களே. குடிசன மதிப்புக்கும் தேர்தலுக்கும் நிவாரணத்திற்கும் எழுத்துவேலைக்கு அரசாங்கம் அழைப்பதும் பெரும்பாலும் அவர்களைத்தான். படிவத்தின் ஓரத்திலே வெற்றிடம் இருக்கும். உறுதி மனைவியின் பெயரில் என்று அவ்விடத்திலே ஒருவர் எழுதிவைத்தால், பிற்காலத்து மேன்முறையீட்டிலே அவ்வோரக் குறிப்பு சான்றாக நிற்கக்கூடும்.

எல்லாவற்றிற்கும் அடியிலே மற்றுமொரு பட்டியல் கிடந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை அது. அரச காணி பெற்றவர் பின்னுரித்தாளரைப் பெயர் குறிப்பிடாது இறந்தால், வாழ்க்கைத் துணைக்குப் பின் அக்காணி யாருக்கு என்பதை அது வரிசைப்படுத்திற்று. மகன்மார் முதலில், மகள்மார் அடுத்து. பேரன்மார் முன்னே, பேத்திமார் பின்னே. தந்தை முன்னே, தாய் பின்னே. உடன்பிறந்தாருள்ளும் அவ்வாறே. ஒவ்வொரு படியிலும் மூத்தவருக்கே முன்னுரிமை. கல்லோயாக் குடியேற்றக்காரருக்கும் அதுவே சட்டம், சுனாமிக்குப் பின் அரச காணியிலே குடியமர்த்தப்பட்ட கல்முனைக் கரைப் பெண்ணுக்கும் அதுவே சட்டம். மகளுக்கு வீடு கொடுக்கும் கரையிலே, மகனை முதலில் எழுதிய அந்தப் பட்டியல் எண்பத்தேழு ஆண்டுகள் நின்றது. 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அவ்வரிசையிலிருந்த ஆண் பெண் வேறுபாட்டை நீக்கிற்று. அதற்கு முன்னர் எழுதப்பட்ட பத்திரங்கள் எழுதப்பட்டபடியே, அலுமாரிகளிலும் பெட்டிகளிலும், கணவன்மார் பெயரில் இருக்கின்றன.